ஒரு தழும்பின் வரலாறு

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது நான் ஒரு பம்ப் அறையில் நின்றுகொண்டிருந்தேன். "வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு வேணும்டா. எல்லாரும் மெஸ் சாம்பாரையும் கல்ச்சுரல்ஸையும் பத்தியே எழுதறாங்க" என்றான் நண்பன். "எனக்கு வரலாறு பத்தாம் வகுப்போட முடிஞ்சு போச்சு" என்றேன். "உன் கையில இருக்கே ஒண்ணு, அதையே எழுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

என் இடது முன்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. நடுவில் சற்றுக் குழிந்து, சுற்றிலும் வெளுத்து, ஓரத்தில் கறுத்திருக்கும். 2011இல் நம் கல்லூரியை விட்டு மெக்கானிக்கல் பட்டத்தோடு வெளியே போனபோது அது கிடையாது. அந்தத் தழும்பின் வரலாறும், அதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய ஒரு விஞ்ஞானியின் வரலாறும்தான் இந்தக் கட்டுரை. உயிரியல் படித்த நண்பர்கள் பிழை கண்டால் பொறுத்தருள வேண்டும்.

பேரீச்சந்தோப்பில் வந்த கொப்புளம்

2015இல் சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியில் அல்-அஹ்சா என்ற ஊரில் வேலை. பாலைவனத்துக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் பேரீச்சந்தோப்பு. அதன் ஓரத்தில் எங்கள் கேம்ப். ஆகஸ்ட், செப்டம்பர் வெக்கையில் அறைக்குள் படுக்க முடியாமல் கட்டிலை வெளியே போட்டுப் படுப்போம். கொசு காதில் பாடாது. ஆனால் காலையில் கையில் இரண்டு மூன்று சிவந்த புள்ளிகள் இருக்கும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. நவம்பரில் ஒரு புள்ளி பருத்துக் கொப்புளமானது. பிறகு உடைந்து புண்ணாகி, எரிமலை வாய் மாதிரி நடுவில் குழிந்து நின்றது. வலி இல்லை. ஆறவும் இல்லை. கேம்ப்பில் கொடுத்த களிம்பு ஒரு டியூப் முழுசும் தீர்ந்தது. கடைசியில் ஊருக்குள் ஒரு கிளினிக்கில் வயதான சூடான் நாட்டு டாக்டர் ஒருவர் பார்த்தார். ஒரு நிமிஷம்தான் பார்த்திருப்பார். ஓரத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "மணல் ஈ" என்றார். புண்ணைச் சுற்றி ஊசி போட்டார். "ஆறிவிடும். தழும்பு இருக்கும். ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அன்றைக்கு நான் காதில் வாங்கவே இல்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில்

2016இல் ஊருக்கு வந்தேன். "ஏஞ்சாமி, கையில இதென்ன?" என்று அம்மா கேட்டதற்குச் "சூடு பட்டுருச்சும்மா" என்று சமாளித்தேன். பெண் பார்க்கப் போன வீட்டில் சமாளிக்க முடியவில்லை. காபி டம்ளரை வாங்கும்போது சட்டைக் கை மேலேறியது. பெண்ணின் பெரியப்பா பார்த்துவிட்டார். "தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி, கையில அது என்னங்க?" என்றார். நான் மணல் ஈ, ஒட்டுண்ணி என்று ஏதோ உளறினேன். மறுநாள் புரோக்கர் வழியாகச் செய்தி வந்தது. அவர்கள் சந்தேகப்பட்டது தொழுநோய்.

தொழுநோயே இன்றைக்கு மாத்திரையில் குணமாகும் நோய்தான். அதற்கு நாம் இவ்வளவு பயப்படுவதே தப்பு என்பது வேறு விஷயம். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த ஞானமெல்லாம் வரவில்லை. உள்ளூரில் காட்டிய ஒரு டாக்டரும் குண்டூசியால் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துருவோம்" என்றார். அரபு நாட்டில் வேலை பார்த்தேனா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று இரவு, விடுதியில் நாலு வருஷம் அடுத்த கட்டிலில் படுத்திருந்த பயோடெக் நண்பனுக்குப் போன் செய்தேன். அவன் அப்போது நோய் எதிர்ப்புத் துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "மச்சான், அது லீஷ்மேனியா. ஆறிடுச்சு. ஆனா முழுசாப் போயிருக்காது. கொஞ்சம் உன் தோலுக்குள்ளயே இருக்கும். இருக்கணும்" என்றான்.

"இருக்கணுமா? என்னடா சொல்ற?"

"யாஸ்மின் பெல்காயித்னு ஒருத்தர் இருக்காங்க. அவங்க பேப்பரைப் படி."

ஒரு பேப்பரைப் படித்து முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு விட முடியவில்லை.

ஊருக்கு ஒரு பெயர்

இந்தப் புண்ணுக்கு ஊருக்கு ஒரு பெயர். ஈராக்கில் பாக்தாத் கொப்புளம். சிரியாவின் அலெப்போவில் 'ஒரு வருஷப் புண்'. ஆற அவ்வளவு நாளாகும் என்பதால். வட இந்தியாவில் டெல்லிக் கட்டி. அல்ஜீரியாவில் பாலைவன ஓரத்தில் பிஸ்க்ரா என்ற பேரீச்சை ஊர். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'பிஸ்க்ரா ஆணி'. நாம் கால் ஆணி என்கிறோமே, அந்த மாதிரி.

1885இல் கல்கத்தாவில் டேவிட் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர் டெல்லிக் கட்டியின் திசுவில் நுண்ணிய உருண்டைகளைப் பார்த்து எழுதினார். என்னவென்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. 1898இல் தாஷ்கண்டில் போரோவ்ஸ்கி என்ற ருஷ்ய ராணுவ மருத்துவர் அது ஒரு செல் கொண்ட ஒட்டுண்ணி என்று சரியாகவே சொன்னார். ஆனால் ருஷ்ய மொழியில் எழுதியதால் மேற்கே பல வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

1903இல் நம்ம சென்னையும் இந்தக் கதைக்குள் வருகிறது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறதே ஜெனரல் ஆஸ்பத்திரி, அங்கே பணியாற்றிய சார்லஸ் டோனோவான் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் கண்டவர்களின் மண்ணீரலில் அதே மாதிரி உருண்டைகளைக் கண்டார். கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் காய்ச்சல் கண்டு இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தான் கண்டதை இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் அதே ஆண்டில் சில வாரம் முன்பு வெளியிட்டிருந்தார். மலேரியா புகழ் ரொனால்டு ராஸ் இரண்டு பேரையும் விடாமல் 'லீஷ்மேனியா டோனோவானி' என்று பெயர் வைத்தார். அது உள்ளுறுப்பைத் தாக்கும் வகை. என் தோலைத் தாக்கியது அதன் உடன்பிறப்பு, லீஷ்மேனியா மேஜர். சென்ட்ரலுக்குப் போகும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்து மனசுக்குள் ஒரு சலாம் வைக்கிறேன்.

யார் பரப்புகிறார்கள்? 1921இல் அல்ஜியர்ஸ் நகரப் பாஸ்டர் நிலையத்தில் எட்மண்ட், எட்டியென் செர்ஜென்ட் சகோதரர்களும் கூட்டாளிகளும் பிஸ்க்ராவில் பிடித்த மணல் ஈக்களை நசுக்கி, கீறிய தோலில் தடவினார்கள். அந்த இடத்தில் ஆணி முளைத்தது. குற்றவாளி அகப்பட்டான். மணல் ஈ இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், சத்தம் போடாது, பாலைவன எலிகளின் வளைகளில் குடியிருக்கும். எலியிடமிருந்து கிருமியை எடுத்து நமக்குக் கொடுக்கும்.

விஞ்ஞானிகளுக்கு முன்பே மக்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. மத்திய கிழக்கிலும் மத்திய ஆசியாவிலும் தாய்மார்கள், புண் வந்தவரின் கசிவை எடுத்துக் குழந்தையின் தொடையிலோ வேறு மறைவான இடத்திலோ குத்திவிடுவார்கள். அங்கே ஒரு புண் வந்து ஆறும். பிறகு முகத்தில் வராது. பின்னாளில் சோவியத் நாட்டிலும் இஸ்ரேலிலும் இதை முறைப்படி செய்தார்கள். 1980களில் ஈராக்கோடு நடந்த போரின்போது ஈரான் லட்சக்கணக்கானவர்களுக்கு இப்படிப் போட்டது. உயிருள்ள கிருமியைப் போட்டால் பலித்தது. செத்த கிருமியைப் போட்டால் சரியாகப் பலிக்கவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

அல்ஜியர்ஸிலிருந்து ஒரு மாணவி

யாஸ்மின் பெல்காயித் 1968இல் அல்ஜியர்ஸில் பிறந்தவர். செர்ஜென்ட் சகோதரர்கள் ஆராய்ந்த அதே நகரம். அங்குள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்துவிட்டு மேற்படிப்புக்காக பிரான்ஸ் போனார். பாரிஸின் பாஸ்டர் நிலையத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம், தன் நாட்டு மக்களின் முகத்தில் தழும்பு போட்ட இந்த லீஷ்மேனியாதான்.

1990களில் அல்ஜீரியா உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. அவருடைய தந்தை அபூபக்கர் பெல்காயித் முன்னாள் அமைச்சர். 1995இல் அல்ஜியர்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள் 1996இல் முனைவர் பட்டத்தை முடித்தார். இந்த இரண்டு வருஷங்களையும் அடுத்தடுத்து எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது. ஒரு செமஸ்டர் அரியருக்கே நாம் எவ்வளவு புலம்பியிருக்கிறோம்!

பட்டம் முடித்ததும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையத்தில் டேவிட் சாக்ஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சாக்ஸ் லீஷ்மேனியாவிலும் மணல் ஈயிலும் பழுத்த கை.

இரண்டு ஜாதி எலிகள்

அவர் போய்ச் சேர்ந்தபோது துறை எந்த நிலையில் இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்தக் கிருமி ஒரு விசித்திரப் பிறவி. நம் உடம்பில் கிருமிகளை விழுங்கிக் கொல்லும் பெருவிழுங்கி அணுக்கள் உண்டு. லீஷ்மேனியா அந்த அணுவுக்குள்ளேயே போய்க் குடித்தனம் நடத்தும். போலீஸ் ஸ்டேஷனுக்குள் திருடன் குடியிருப்பது மாதிரி. டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் வந்து இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞையைக் கொடுத்தால்தான் பெருவிழுங்கி விழித்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் கொல்லும்.

1986இல் மோஸ்மன், காஃப்மன் என்ற இருவர், உதவி டி செல்களில் இரண்டு கட்சி உண்டு என்று காட்டினார்கள். 1989இல் அது உயிருள்ள உடம்பில் எப்படி விளையாடுகிறது என்று காட்டியது லீஷ்மேனியாதான். ஒரு வகைச் சுண்டெலிக்குக் கிருமியைப் போட்டால் புண் வந்து ஆறிவிடும். அதில் முதல் கட்சியின் இன்டர்ஃபெரான்-காமா ஓங்கியிருக்கும். இன்னொரு வகை எலிக்கு ஆறாமல் பரவிச் செத்துப்போகும். அதில் இரண்டாம் கட்சியின் இன்டர்லூக்கின்-4 ஓங்கியிருக்கும். கிருமி ஒன்றே, எலி எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதுதான் பிழைப்பதா சாவதா என்று தீர்மானிக்கிறது. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட கண்டுபிடிப்பு இது.

கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். பெல்காயித் அங்கேதான் ஆரம்பித்தார்.

டெஸ்ட் பெட்டும் தோட்டத்துக் கிணறும்

எங்கள் தொழிலில் ஒரு அனுபவம் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் டெஸ்ட் பெட்டில் ஜம்மென்று ஓடிய பம்ப், தோட்டத்துக்குப் போய் மூன்றே மாதத்தில் இம்பெல்லர் தேய்ந்து திரும்பி வந்தது. சோதித்தது சுத்தத் தண்ணீரில். ஓடியது மணல் தண்ணீரில். சோதனையில் தப்பில்லை. சோதனை செய்த சூழ்நிலைதான் தப்பு.

லீஷ்மேனியா ஆய்விலும் அப்படித்தான் இருந்தது. பல லட்சம் கிருமிகளை எலியின் பாதத்தில் ஊசியால் ஏற்றுவார்கள். மணல் ஈ அப்படியா செய்கிறது? தோலின் மேலடுக்கில் சிறு எண்ணிக்கையைத் தன் எச்சிலோடு சேர்த்து விட்டுவிட்டுப் போகிறது. ஆகவே பெல்காயித்தும் சாக்ஸ் குழுவினரும் எலியின் காது மடலின் தோலுக்குள், ஆயிரம், நூறு என்ற அளவில் மட்டும், ஈயின் எச்சிலோடு கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1998இல் வெளியான வேலை இது. கேட்க எளிது. ஆனால் துறை முழுக்க ஒரு முறையில் பழகியிருக்கும்போது, ஒரு இளம் ஆராய்ச்சியாளர் "நாம சோதிக்கிற முறையே இயற்கை மாதிரி இல்லையே" என்று தொடங்க ஒரு தெம்பு வேண்டும்.

முறையை மாற்றியதும் புதிதாகத் தெரிய ஆரம்பித்தது. 2000இல் வந்த கட்டுரையில், கிருமி புகுந்த பின் நாலைந்து வாரம் தோலில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் உள்ளே கிருமி பெருகிக்கொண்டே இருந்தது. பிறகு புண் தோன்றியது. எப்போது? கிருமி கொல்லப்பட ஆரம்பித்த அதே நேரத்தில். அதாவது கண்ணுக்குத் தெரியும் புண், எதிரி வந்ததன் அடையாளம் அல்ல. நம் படை வந்து சண்டை பிடிப்பதன் அடையாளம். ஆகஸ்டில் கடி, நவம்பரில் கொப்புளம் என்ற என் கதை இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

பிரேக் பிடிக்கும் அணுக்கள்

அடுத்ததுதான் உச்சம். புண் ஆறிய எலியின் காதில் கிருமி முழுசாக அழிவதில்லை. கொஞ்சம் தங்கிவிடுகிறது. இது முன்பே தெரிந்த சங்கதி. படை வென்றுகொண்டிருக்கும்போது கடைசிச் சிலரை ஏன் விட்டுவைக்கிறது என்பதுதான் கேள்வி.

2001இல் பெல்காயித் காட்டியது: இன்டர்லூக்கின்-10 என்ற அடக்கும் சமிக்ஞை இல்லாத எலிகளில் கிருமி துளியும் மிச்சமில்லாமல் அழிந்தது. அப்படியானால் உடம்பே பிரேக் பிடித்துக் கடைசிக் கிருமிகளைக் காப்பாற்றுகிறது! பிரேக்கை மிதிப்பது யார்? 2002இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை பதில் சொன்னது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு வகை. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் அடையாளம் காட்டியவை. நம் படை நம் உடம்பையே தாக்காமல் அடக்கி வைப்பது அவற்றின் வேலை. அவை புண் ஆறும் தோலில் வந்து குவிந்து, சண்டைக்காரர்களை அடக்குகின்றன. (சகாகுச்சிக்கும் வேறு இருவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த அணுக்களின் பணிக்காகத்தான்.)

இதுவரை படித்தபோது "அப்ப இந்த அணுக்கள் துரோகிகள்" என்றுதான் நானும் நினைத்தேன். அதே கட்டுரையின் அடுத்த பகுதி என்னைத் தூக்கிப்போட்டது. பிரேக்கை எடுத்துவிட்டுக் கிருமியை அடியோடு அழித்த எலிகளுக்கு மறுபடி கிருமியைக் கொடுத்தார்கள். அவற்றிடம் பாதுகாப்பு இல்லை. புதிதாய் வந்தது மாதிரியே நோய் வந்தது. கொஞ்சம் கிருமியைத் தோலில் வைத்திருந்த எலிகளோ தாங்கிக்கொண்டன.

நண்பன் சொன்ன "இருக்கணும்" இதுதான். அலெப்போ தாய்க்குத் தெரிந்ததும் இதுதான். செத்த கிருமி ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் விடை இந்தப் பக்கம்தான் இருக்கிறது. சாக்ஸ் குழு 2009இல் காட்டியது இன்னும் தெளிவு: செத்த கிருமியால் செய்த தடுப்பூசி, ஊசியில் கொடுத்த கிருமியைத் தடுத்தது; மணல் ஈ கடித்துக் கொடுத்ததைத் தடுக்கவில்லை. ஒருமுறை புண் வந்து ஆறிய எலிகளுக்கு இரண்டிலிருந்தும் பாதுகாப்பு. டெஸ்ட் பெட்டில் பாஸ், தோட்டத்தில் ஃபெயில்!

தியரி ஆஃப் மெஷின்ஸ் பேப்பரில் கவர்னர் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? (அதில் அரியர் வைத்தவர்கள் கையைத் தூக்கலாம், முதல் கை என்னுடையது.) எஞ்சின் வேகம் கூடினால் எரிபொருளைக் குறைக்கும்; குறைந்தால் கூட்டும். கவர்னர் எஞ்சினுக்கு எதிரி அல்ல. அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் வேகத்திலேயே சிதறிவிடும். அழிக்கும் சக்தியும் அடக்கும் சக்தியும் சேர்ந்ததுதான் காவல் என்பதை அந்த எலியின் காது எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

தோலின் குடித்தனக்காரர்கள்

2002இல் சின்சினாட்டி நகரத்தில் தனி ஆய்வுக்கூடம் அமைத்த பெல்காயித், 2005இல் தேசிய சுகாதார நிலையத்துக்கே திரும்பி வந்தார், இந்த முறை தன் சொந்தக் குழுவோடு. கேள்வியை இன்னும் அகலமாக்கினார். நம் தோலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை சும்மா இருக்கின்றனவா, வாடகை கொடுக்கின்றனவா?

2012இல் 'சயின்ஸ்' இதழில் விடை வந்தது. ஒரு நுண்ணுயிரும் இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு லீஷ்மேனியாவைக் கொடுத்தார்கள். புண் சிறிதாகத்தான் வந்தது. ஆனால் உள்ளே கிருமி அதிகம். படை சரியாகத் திரளவில்லை. பிறகு மனிதத் தோலிலும் சாதாரணமாக இருக்கும் எபிடெர்மிடிஸ் என்ற ஒரே ஒரு பாக்டீரியாவை அந்த எலிகளின் தோலில் தடவினார்கள். எதிர்ப்பு திரும்ப வந்தது. குடித்தனக்காரர்கள் வாடகை மட்டுமல்ல, வாட்ச்மேன் வேலையும் பார்க்கிறார்கள்!

இங்கேயும் அதே பாடம்தான். வெளியிலிருந்து வந்தது எல்லாமே எதிரி இல்லை. உடம்பு என்பது நான் மட்டும் இல்லை.

எலி வேறு, மனிதன் வேறு

இவ்வளவு படித்த தைரியத்தில் நான் நண்பனிடம் பெரிதாக அளந்தேன். அவன் ஒரே போடாகப் போட்டான்: "ஓவரா போகாதடா. இதெல்லாம் எலி."

உண்மைதான். லீஷ்மேனியாவின் சில வகைகளில், ஆறி வெகு நாளான மனிதத் தழும்புகளிலும் கிருமியைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் என் தழும்புக்குள் இன்று என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிரேக் எப்போதும் நல்லதும் இல்லை. பீகாரின் காலா அசார் நோயாளிகளை வைத்து சாக்ஸ் குழுவும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஷியாம் சுந்தரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் மண்ணீரலில் அதே இன்டர்லூக்கின்-10 மிகுந்திருந்தது. தோலில் காவலாகும் அதே பிரேக், மண்ணீரலில் இறுகினால் ஆளையே சாய்த்துவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் உறங்கும் கிருமி மறுபடி எழுவதும் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஆறு லட்சம் முதல் பத்து லட்சம் பேருக்குத் தோல் லீஷ்மேனியா புதிதாக வருகிறது. அதிகம் பாதிக்கப்படும் நாடுகளில் அல்ஜீரியாவும் ஒன்று. மனிதர்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை. பெல்காயித் போட்ட கேள்விகள் அந்த வேலைக்கு அஸ்திவாரம். கட்டடம் இன்னும் எழவில்லை. அதைக் கட்டப்போவது இதைப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளில் யாராவது ஒருவராக ஏன் இருக்கக் கூடாது?

2024 ஜனவரியில் யாஸ்மின் பெல்காயித் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். எந்த இடத்தில் தந்தையை இழந்த துக்கத்தோடு மாணவியாக ஆய்வேட்டை முடித்தாரோ, அதே இடத்துக்கு.

நம்மவர்களுக்கு இரண்டு வார்த்தை

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் முன்னாள் மாணவர்கள் ஏராளம். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரீச்சந்தோப்பு, எலி வளை உள்ள பக்கம் திறந்த வெளியில் படுக்காதீர்கள். படுத்தால் நெருக்கமான கண்ணி வைத்த வலை கட்டுங்கள், மணல் ஈ சாதாரணக் கொசுவலைக்குள் நுழைந்துவிடும். வலியில்லாத புண் வாரக்கணக்கில் ஆறாமல் நின்றால் டாக்டரிடம் போங்கள். ஊரில் காட்டினால், எந்த ஊரில் வேலை பார்த்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் பட்டது போதும். கூட வேலை பார்க்கும் டிரைவருக்கோ ஹெல்பருக்கோ இப்படிப் புண் வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். கைபட்டு ஒட்டும் நோய் இல்லை அது.

மாணவர்களுக்கு: உங்கள் பாடப்புத்தகத்தில் முடிந்துவிட்ட மாதிரி தெரியும் விஷயத்திலும், சோதித்த முறை நிஜ வாழ்க்கை மாதிரி இருந்ததா என்று ஒரு தடவை கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் ஒரு விஞ்ஞானியின் இருபத்தைந்து வருஷ உழைப்பு பிறந்திருக்கிறது.

கடைசியாக ஒரு சொந்தச் செய்தி. 2017இல் இன்னொரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். இந்த முறை அரைக்கைச் சட்டைதான் போட்டுக்கொண்டு போனேன். பெண்ணே கேட்டார், "கையில என்னங்க தழும்பு?" என்று. பாக்தாத், பிஸ்க்ரா, டோனோவான், எலியின் காது என்று முக்கால் மணி நேரம் சொன்னேன். காபி ஆறிப்போனது. ரீயூனியனுக்கு அவரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். தழும்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் மெக்கானிக்கல் பிளாக் வேப்பமரத்தடிக்கு வரவும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் கேள்வி கேட்கும் பிள்ளைகள்!